நீராவி, நையாண்டி, ஒரு விதவை: விக்டோரிய ஸ்டீம்பங்க் காதல் கதை எழுத முழுமையான வழிகாட்டி

ஸ்டீம்பங்க், அதாவது நீராவி இயந்திரங்கள் நிறைந்த கற்பனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதை, எழுத ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பொருட்களில் இருந்துதான் தொடங்குகிறார்கள். பித்தளைப் பல்சக்கரம், தொப்பியில் மாட்டிய பெரிய கண்ணாடி, மூடுபனிக்கு மேலே ஓர் ஆகாயக் கப்பல், அப்புறம் எதற்கும் அடங்காத ஒரு பெண். பத்துப் பக்கம் போனதும் கதை நின்றுவிடும். அந்தப் பெண் எதற்கு அடங்கவில்லை என்று எழுதுகிறவருக்கே தெரியாததுதான் காரணம்.

விக்டோரிய இங்கிலாந்தில் கட்டுப்பாடுகளுக்குப் பஞ்சமே இல்லை. சட்டம் போட்டது, சமூகம் போட்டது, இயந்திரம் போட்டது என்று மூன்று வகை. இந்த வகைக் கதையில் சிரிப்பும் காதலும் அவற்றில் முட்டும்போதுதான் வருகின்றன. ஆகவே கட்டுப்பாடுகளை முதலில் திரட்டுவோம், பித்தளையை அப்புறம் பார்க்கலாம். கீழே ஒரு மாதிரிக் கதையைப் படிப்படியாகக் கட்டிக் காட்டுகிறேன். கதையும் பாத்திரங்களும் கற்பனை, அவர்களைச் சுற்றியிருக்கும் லண்டன் நிஜம்.

படி 1: ஒரு வருடத்தைப் பிடியுங்கள்

விக்டோரியா 1837 முதல் 1901 வரை ஆண்டார். தொடக்கத்தில் குதிரை வண்டி, முடிவில் மோட்டார் காரும் சினிமாவும் மின்சாரச் சுரங்க ரயிலும். ‘விக்டோரியக் காலம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பாவாடையின் வடிவத்தில் இருந்து விவாகரத்துச் சட்டம் வரை எல்லாம் குழம்பும். ஒரே ஒரு வருடத்தை எடுத்துக்கொண்டு அதைக் குடைவது நல்லது.

நான் எடுப்பது 1866. மே 10 அன்று ஓவரெண்ட் கர்னி என்ற பெரிய நிதி நிறுவனம் கதவை மூடியது. மறுநாள் லண்டன் நிதிச் சந்தையே ஆடிப்போனது. ஜூன் 7 அன்று பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு சுமார் 1,500 பேர் கையெழுத்திட்ட மனுவை, தத்துவஞானியும் எம்.பி.யுமான ஜான் ஸ்டூவர்ட் மில் நாடாளுமன்றத்தில் கொடுத்தார். அதைத் தூக்கிவந்த பெண்கள், கூச்சப்பட்டு, வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் ஆப்பிள் விற்ற கிழவியின் கடைக்கு அடியில் ஒளித்துவைத்தார்களாம். ஜூலையில் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் அட்லாண்டிக் தந்திக் கம்பியை அக்கரை சேர்த்தது. கோடையில் கிழக்கு லண்டனில் காலரா. பூமிக்கு அடியில் நீராவி ரயில் ஓடத் தொடங்கி மூன்று வருடம்தான் ஆகிறது. கணக்குப் போடும் இயந்திரத்தை வடிவமைத்த சார்ல்ஸ் பாபேஜுக்கு 74 வயது. மெரில்போனில் உட்கார்ந்துகொண்டு தெருவில் ஆர்கன் வாசிக்கிறவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். 1864இல் தெரு இசையைக் கட்டுப்படுத்தச் சட்டமே வந்ததில் அவருடைய தொந்தரவுக்கும் பங்குண்டு.

ஒரு வங்கி வீழ்ச்சி, ஒரு கொள்ளைநோய், ஒளித்துவைத்த மனு, எரிச்சலான ஒரு மேதை. கற்பனையைத் தொடுவதற்கு முன்பே பாதிக் கதை வந்துவிட்டது.

படி 2: நாயகி என்ன இழப்பாள்?

மரபை மீறும் நாயகி என்றதும் வாள் சண்டையும் எடுத்தெறிந்து பேசுவதும் வந்துவிடுகின்றன. அவள் மீறினால் என்ன போகும் என்பதை யாரும் எழுதுவதில்லை. விக்டோரியச் சட்டம் அதைத் துல்லியமாகச் சொல்கிறது. 1866இல் ஒரு பெண் திருமணம் செய்துகொண்டால் அவளுடைய பணமும் பொருளும் கணவனுக்குச் சொந்தம். நிலம் இருந்தால் அதன் நிர்வாகமும் வருமானமும் அவன் கைக்குப் போகும். அவள் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது. 1870இல் வந்த சட்டம் அவள் சம்பாதிப்பதை அவளுக்கு விட்டது, 1882இல் வந்ததுதான் சொத்தையும் விட்டது. ஆனால் மணமாகாத பெண்ணும் விதவையும் தங்கள் பெயரிலேயே தொழில் நடத்தலாம்.

இங்கேதான் என் நாயகி கிடைத்தாள். ஹெஸ்டர் ப்ளம், வயது 34, லாம்பெத்தில் கொதிகலன் பட்டறை நடத்தும் விதவை. கணவன் ஜோசையா பாதுகாப்பு வால்வைக் கம்பியால் கட்டிவிட்டு அழுத்தத்தை ஏற்றிப் பார்த்து, 1864இல் செத்துப்போனவன். இரண்டு வருடக் கறுப்பு உடை முடிந்து இப்போதுதான் அரைத்துக்கத்துக்கு உரிய இளம் ஊதாவுக்கு மாறியிருக்கிறாள். அந்தச் செயற்கைச் சாயமே வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் 1856இல் குயினைன் செய்யப் போய் தற்செயலாகக் கண்டுபிடித்தது. அவள் மறுமணம் செய்துகொண்டால் பட்டறை புதுக் கணவனுடையது. ஆகவே காதல் அவளுக்கு இன்பமான ஆபத்து.

பணக்காரக் குடும்பங்கள் திருமணத்துக்கு முன்பே வக்கீலை வைத்து, பெண்ணின் சொத்தை அறங்காவலர்களிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை எழுதிவிடும். சட்டத்தில் இருந்த இந்தச் சந்து கதைக்கு மிகவும் தேவை. கடைசிப் படியில் அதற்குத் திரும்பி வருவேன்.

உண்மைப் பெண்களையும் கொஞ்சம் படியுங்கள். எலிசபெத் காரெட் 1865இல் மருந்தாளர் சங்கத்தின் விதியில் இருந்த ஓட்டை வழியாக மருத்துவ உரிமம் வாங்கினார். அவர் உள்ளே வந்த கையோடு சங்கம் விதியை மாற்றி ஓட்டையை அடைத்தது. மின்வில் (எலக்ட்ரிக் ஆர்க்) பற்றி ஆராய்ந்த ஹெர்தா அயர்ட்டனை, அறிவியலாளர் சங்கமான ராயல் சொசைட்டி 1902இல்கூட உறுப்பினராக்க மறுத்தது. திருமணமான பெண்ணுக்குச் சட்டத்தில் இடமில்லை என்பது காரணம். இந்த அபத்தங்களைவிட நல்ல நகைச்சுவையை நாம் உட்கார்ந்து யோசித்து எழுத முடியாது.

உடையிலும் அப்படித்தான். வட இங்கிலாந்தின் விகன் நிலக்கரிச் சுரங்கங்களின் மேற்பரப்பில் வேலைபார்த்த பெண்கள் அந்தக் காலத்திலேயே கால்சட்டை அணிந்தார்கள். எனவே நாயகி கால்சட்டை போட்டதும் லண்டனே மயங்கி விழுவதாக எழுத வேண்டாம். சீமாட்டிகள் முகம் சுளிப்பார்கள், தொழிலாளிப் பெண்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வர்க்க வித்தியாசத்தை இவ்வளவு சிக்கனமாகக் காட்ட வேறு வழி கிடைக்காது. எஃகுக் கம்பிக் கூண்டு வைத்த கிரினோலின் பாவாடை அப்போது பரவலாக இருந்தது. தீப்பொறி பட்டால் உள்ளே இருக்கும் காற்றோடு சேர்ந்து குப்பென்று பிடித்துக்கொள்ளும். பல பெண்கள் அப்படிச் செத்திருக்கிறார்கள். ஹெஸ்டர் அதைப் பட்டறை வாசலில் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவாள். மாட்டிய கூண்டை முதல்முறை பார்க்கும் நாயகன் கோழி அடைக்கும் கூடை என்று நினைத்துக்கொள்ளட்டும்.

படி 3: ஒரே ஒரு இயந்திரம்

ஆகாயக் கப்பல், இயந்திர மனிதன், நீராவிக் குதிரை எல்லாவற்றையும் ஒரே கதையில் கொட்டாதீர்கள். ஒரு புது இயந்திரம் போதும், மற்றவை நிஜமாக இருந்தவை. நிஜமே போதுமான அளவு விசித்திரம். ஹென்றி ஜிஃபார் 1852இல் 3 குதிரைத்திறன் நீராவி எஞ்சினைக் கட்டிய பலூனில் பாரிஸில் இருந்து சுமார் 27 கிலோமீட்டர் பறந்தார். லண்டனில் யூஸ்டன் நிலையத்தில் இருந்து தபால் பைகளைக் காற்றழுத்தத்தால் குழாய்க்குள் தள்ளி அனுப்பிய கம்பெனி 1863இல் வேலையைத் தொடங்கியது. 1865இல் பக்கிங்ஹாம் டியூக் அந்தக் கம்பெனியின் குழாய்க்குள் தானே பயணம் செய்து பார்த்தார். நாயகனும் நாயகியும் தப்பியோட வேண்டிய இடத்தில் இதைவிட நெருக்கமான வாகனம் உண்டா?

என் கதையின் இயந்திரம் ஹெஸ்டரின் கொதிகலன். அது எப்படி வேலைசெய்யும் என்று தெரியாமல் எழுதினால் வாசகர் கண்டுபிடித்துவிடுவார். குறைந்தபட்சம் இவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்: தண்ணீர் ஆவியாகும்போது சாதாரண அழுத்தத்தில் சுமார் 1,600 மடங்கு விரியும். அதை அடைத்துவைப்பதில்தான் சக்தி. குளிர்ந்த பெரிய கொதிகலனைச் சூடேற்ற மணிக்கணக்கு ஆகும், நாயகி ஓடிவந்து நெம்புகோலை இழுத்ததும் கிளம்பாது. தண்ணீர் மட்டம் குறைந்தால் மேல்தகடு சிவக்கச் சூடேறி வலுவிழந்து வெடிக்கும். அழுத்தம் மிஞ்சினால் பாதுகாப்பு வால்வு திறந்து ஆவியை விடும். கூடுதல் வேகத்துக்கு ஆசைப்பட்டு அதைக் கட்டிவைத்து வெடிக்கவிட்ட முட்டாள்கள் ஏராளம். 1849இல் புர்தோன் வடிவமைத்த வட்ட முள்மானி அழுத்தத்தைக் காட்டும்.

அந்த முள்மானியைக் கதை முழுக்க விடாமல் பயன்படுத்துங்கள். ஒரு காட்சியில் முள் எங்கே நிற்கிறது என்று வாசகருக்குத் தெரிந்தால் பதற்றத்தைத் தனியாக விவரிக்கத் தேவையே இருக்காது.

தொப்பியில் மாட்டிய கண்ணாடி, உடைக்கு மேலே போட்ட கச்சு, எதையும் சுழற்றாத பல்சக்கரம்: இவை வேடப் போட்டிக்குச் சரி. கதையில் ஒரு வேலையாவது செய்யாவிட்டால் வெட்டிவிடுங்கள்.

படி 4: மாயத்துக்கும் சட்டம் போடுங்கள்

என் கதையின் ஃபேன்டஸி இது. வெடித்த கொதிகலனில் செத்தவர்களின் ஆவி, அடுத்து அங்கே கொதிக்கும் நீராவியில் தங்கிவிடும். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டைத் தாண்டினால் பேசும், கீழே இறங்கினால் ஊமை. ஜோசையா அங்கே இருக்கிறான். வால்வைக் கட்டியது சரிதான் என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறான்.

மாயத்தின் விதி இயந்திரத்தோடு ஒட்டியிருப்பதைக் கவனியுங்கள். அடுத்தது, அதைச் சட்டத்தோடு ஒட்ட வேண்டும். கணவன் பேசுகிறான் என்றால் இருக்கிறான். இருக்கிறான் என்றால் ஹெஸ்டர் விதவை இல்லை, மனைவி. மனைவி என்றால் பட்டறை அவனுடையது. விவாகரத்து வாங்கலாமா? 1857ஆம் வருடச் சட்டப்படி கணவனுக்கு மனைவியின் கள்ளத்தொடர்பு ஒன்றே போதும். மனைவியோ கணவனின் கள்ளத்தொடர்போடு கொடுமையையோ, இரண்டு வருடம் கைவிட்டுப் போனதையோ, அதுபோல இன்னொரு குற்றத்தையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். செத்துப்போனதைக் கைவிட்டதாக நீதிமன்றம் ஏற்கலாம் என்றே வைப்போம். கள்ளத்தொடர்புக்கு எங்கே போவது? பக்கத்து பீர் ஆலைக் கொதிகலனோடு ஒரே குழாயில் ஆவி பரிமாறிக்கொண்டதைச் சாட்சியாகக் காட்டலாமா என்று அவளுடைய வக்கீல் தீவிரமாக யோசிக்கும் அத்தியாயத்தை நான் சந்தோஷமாக எழுதுவேன்.

நிஜ விக்டோரியர்களும் ஆவிகளோடுதான் வாழ்ந்தார்கள். 1850களில் வீட்டுக்கு வீடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதைச் சுழலவைத்தார்கள். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1853இல் எளிய சோதனை ஒன்றை வைத்து, உட்கார்ந்திருக்கிறவர்களின் கைகளே தெரியாமல் மேசையைத் தள்ளுகின்றன என்று காட்டினார். 1862 டிசம்பரில் ரீஜெண்ட் தெருவில் பாலிடெக்னிக் என்ற அறிவியல் காட்சிக்கூடத்தில் சாய்த்துவைத்த கண்ணாடியால் மேடையில் பேயை வரவழைத்துக் காசு பார்த்தார்கள். எனவே உங்கள் கதையில் பேயைப் பார்ப்பவர் உடனே நம்பக் கூடாது. முதலில் கண்ணாடியைத் தேடட்டும்.

படி 5: நாயகனை நுழையுங்கள், மெதுவாக

ஆம்ப்ரோஸ் ஃபின்ச், கொதிகலன் காப்பீட்டுக் கம்பெனியின் ஆய்வாளன். வங்கி விழுந்ததில் கையிருப்பை இழந்த ஹெஸ்டருக்குக் காப்பீடு இல்லாமல் அடுத்த ஆர்டர் கிடைக்காது. சான்றிதழ் கொடுக்க வருகிறவன் கொதிகலனில் விசித்திரமான சத்தம் கேட்கிறான். பழுது என்று எழுதினால் காப்பீடு போச்சு. ஆவி என்று எழுதினால் அவள் மனைவியாகிவிடுவாள். எதை எழுதினாலும் பட்டறை அவள் கையைவிட்டுப் போகும். காதலர்களைப் பிரிக்க வில்லன் தேவையே இல்லை, ஒரு படிவம் போதும்.

இந்தக் காதலின் வேகத்தை நிர்ணயிக்க எனக்கு 1865ஆம் வருட வாகனச் சட்டத்தைவிடப் பிடித்தது எதுவும் இல்லை. சாலையில் ஓடும் நீராவி வண்டிக்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் சிவப்புக் கொடியோடு குறைந்தது 60 கஜம் முன்னால் நடக்க வேண்டும். ஊருக்கு வெளியே மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல். ஹெஸ்டர் தன் வண்டியைச் சோதிக்கும் நாளில் கொடிக்காரனுக்குக் காய்ச்சல். ஃபின்ச் கொடியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான். அவள் கேட்கும் கேள்விகளை நடுவில் உட்கார்ந்த கரித்தள்ளும் பையன் கத்திச் சொல்ல, அவன் திரும்பிக் கத்த, மணிக்கு இரண்டு மைல் வேகத்தில் தெருவே அவர்களுடைய உரையாடலைக் கேட்கிறது. இந்தக் காட்சிக்கு ஓர் அத்தியாயம் முழுவதையும் கொடுங்கள்.

கடிதம் இன்னொரு கருவி. 1840இல் ஒரு பென்னித் தபால் வந்தபின் லண்டனில் ஒரே நாளில் பலமுறை தபால் பட்டுவாடா நடந்தது. காலையில் சண்டை போட்டு, மதியம் மன்னிப்புக் கேட்டு, இரவுக்குள் மறுபடி சண்டை போடலாம். வாட்ஸ்அப் யுகத்து வாசகருக்கு இது அந்நியமாகவே தெரியாது.

தொடுதலைக் கடைசிவரை சேமித்துவையுங்கள். நாகரிகமானவர்கள் கையுறை இல்லாமல் வெளியே வராத காலம் அது. ஹெஸ்டரின் கை மட்டும் எப்போதும் வெறும் கை, எண்ணெய்க் கறையோடு. அவள் ஒரு திருகாணியை அவன் உள்ளங்கையில் வைக்க வேண்டும், அவன் அதற்காகக் கையுறையைக் கழற்ற வேண்டும். வாசகரைத் தவிக்கவைக்க அது போதும்.

படி 6: நையாண்டியின் குரல்

இந்த வகை நகைச்சுவையின் இலக்கணம் எளிது: பேரழிவைத் தேநீர் மேசைக் குரலில் பேசுவது, அற்ப விஷயத்துக்குப் பேரழிவுபோலப் பதறுவது. யாரும் தான் ஜோக் அடிப்பதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது.

“உங்கள் கொதிகலன் இருமுகிறது, மிஸஸ் ப்ளம்.”

“இருமவில்லை, மிஸ்டர் ஃபின்ச். கருத்துச் சொல்கிறது.”

“யாருடைய கருத்து?”

“என் கணவருடையது. உங்கள் கோட்டைப் பற்றி.”

ஃபின்ச் குனிந்து கோட்டைப் பார்த்தான். “உங்கள் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆனதாக என் காகிதத்தில் இருக்கிறதே.”

“ஆமாம். அதற்கு அப்புறம்தான் துணிமணியில் அவருக்கு அக்கறையே வந்தது.”

இதில் யாரும் சிரிக்கவில்லை, குரல் உயர்த்தவில்லை, எழுத்தாளர் இடையில் நுழைந்து ‘குறும்பாகச் சொன்னாள்’ என்று விளக்கவில்லை. அந்த விளக்கத்தை எழுதக் கை துடிக்கும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு வசதியும் ஒரு பொறியும் உண்டு. வசதி, மரியாதைப் பன்மை. இருவரும் ‘நீங்கள்’ என்றே முக்கால் கதை பேசட்டும். ‘நீ’ ஒரே ஒருமுறை, முள் சிவப்புக் கோட்டைத் தொடும்போது, அவள் வாயில் இருந்து வரட்டும்: “வால்வை விடு, ஆம்ப்ரோஸ்!” அதற்கப்புறம் இருவரும் எதுவும் நடக்காததுபோலப் பன்மைக்குத் திரும்ப வேண்டும். பொறி, கதைசொல்லியின் குரலில் இருக்கிறது. நாயகன் ‘அவர்’, நாயகி ‘அவள்’ என்று பழக்கத்தில் விழுந்துவிடும். மரபை மீறுகிற பெண்ணைப் பற்றி எழுதிக்கொண்டே வினைமுற்றில் அவளைக் கீழே உட்காரவைக்கிற கதைகள் நிறையப் பார்த்தாயிற்று. இருவருக்கும் ஒரே மரியாதை வடிவம் போடுங்கள், எதுவாக இருந்தாலும்.

அந்தக் காலத்துச் சாமானியர்கள் எப்படிப் பேசினார்கள் என்று கேட்க, ஓல்ட் பெய்லி நீதிமன்றப் பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. திருடர்கள், பால்காரிகள், வீட்டுக்காரிகள் சொன்ன சாட்சியங்கள். ஒரு மாலை உட்கார்ந்தால் ஐந்து துணைப் பாத்திரம் தேறும்.

படி 7: தெருவும் பேரரசும்

வாசனைக்குப் பஞ்சமில்லை: நிலக்கரிப் புகை, வாயு விளக்கு, பெர்மண்ட்ஸி தோல் ஆலைகள். அந்த ஆலைகளுக்காக நாய்ப் பீயைப் பொறுக்கி விற்பதே ஒரு பிழைப்பாக இருந்தது. இரண்டு மூன்று விவரம் போதும், மேலே போனால் சுற்றுலாக் கையேடு ஆகிவிடும்.

பெரிய விஷயம் வேறு. பித்தளையும் வெல்வெட்டும் பளபளக்கும் கதைகளில் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. நம்மில் ஒருவர் எழுதும்போது கேட்காமல் விட முடியுமா? அதே 1866இல் ஒரிசாப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அதே வருடம் தாதாபாய் நௌரோஜி லண்டனில் கிழக்கிந்திய சங்கத்தைத் தொடங்கினார். கடலடித் தந்திக் கம்பிக்கு உறையாகப் போட்ட கட்டாபெர்ச்சா, மலாய்க் காடுகளில் மரங்களை வெட்டிச் சாய்த்து எடுத்த பால். லண்டன் துறைமுகத்தில் இந்தியக் கப்பலாட்கள் இருந்தார்கள், வெள்ளைக்காரக் குழந்தைகளோடு கப்பலேறி வந்த ஆயாக்கள் இருந்தார்கள். இதை ஒரு பிரசங்கமாக வைக்க வேண்டாம். கட்டாபெர்ச்சா இல்லாமல் ஹெஸ்டரின் குளிர்ந்த தண்ணீர்க் குழாயின் மூட்டு அடையாது. அதைக் கொண்டுவரும் கப்பலாள் விலை சொல்லும்போது காடு எவ்வளவு தூரம் பின்வாங்கிவிட்டது என்பதையும் சொல்லட்டும். அவனுக்கும் நல்ல வசனம் கொடுங்கள், அனுதாபத்துக்கு மட்டும் அவனை நிறுத்தாதீர்கள்.

படி 8: முடிவைப் பேரம் பேசுங்கள்

காதல் கதை என்று சொல்லி வாசகரை அழைத்துவந்தால் இருவரையும் சேர்த்துவைத்தே ஆக வேண்டும். ஆனால் ஹெஸ்டர் பட்டறையை இழக்கக் கூடாது. இங்கேதான் அந்த வக்கீல் உடன்படிக்கை. காதலைச் சொல்லும் காட்சியை நிலவொளியில் வைக்காமல் வக்கீல் அலுவலகத்தில் வையுங்கள். ஃபின்ச் ஒவ்வொரு பிரிவாகத் தன் உரிமையை விட்டுக்கொடுக்கிறான், வக்கீல் தலையில் அடித்துக்கொள்கிறார், ஹெஸ்டர் ஒரு காற்புள்ளிக்குச் சண்டை போடுகிறாள். அறங்காவலராக யாரைப் போடுவது என்ற கேள்வி வரும்போது அறையின் நீராவிக் குழாய் லேசாக இருமட்டும். ஜோசையாவை ஓட்டிவிட வேண்டியதில்லை. 29 பவுண்டு அழுத்தத்தில் பட்டறையை நடத்தி, ஞாயிறு மட்டும் 30ஐத் தாண்டவிட்டால், மற்ற நாட்களில் வீடு அமைதியாக இருக்கும்.

தொடராக வெளியிடுவதாக இருந்தால் ஓர் அத்தியாயம் 1,200 முதல் 1,500 சொல்லுக்குள் அடங்கட்டும். விக்டோரியர்களும் நாவல்களை வார, மாதத் தவணைகளில்தான் படித்தார்கள். ஒவ்வொரு தவணையையும் முள்மானியில் ஓர் எண்ணோடு முடியுங்கள். முதல் மூன்று அத்தியாயங்களை எழுதி முடித்ததும், பொறியியல் தெரிந்த ஒருவரிடமும் காதல் கதை மட்டுமே படிக்கும் ஒருவரிடமும் கொடுங்கள். பொறியாளர் காதல் காட்சியிலும் மற்றவர் கொதிகலன் காட்சியிலும் பக்கம் தள்ளாமல் படித்தால் நான்காவதைத் தொடங்கலாம்.